காரடியில் ஓர் அப்பளம்

“ஒரு டன் காருக்கு மூணு டன் ஜாக்கு பத்தாதா அம்மிணி?” என்று கேட்டார் சாமியப்பன்.

பொள்ளாச்சியில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். ஓய்வுபெற்றதும் தன் காருக்குத் தானே ஆயில் மாற்றும் ஆசை வந்துவிட்டது. ஜாக்கு, மச்சினன் சும்மா கொடுத்தது.

ரெஜினாவுக்கு முப்பத்திரண்டு வயது. உடுமலை ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். அவள் வந்து பார்க்காமல் புருஷனைக் காருக்கடியில் விடமாட்டேன் என்று மயிலாத்தாள்தான் வரவழைத்திருந்தாள். வயதில் மகள் மாதிரி. ஆனாலும் அன்றைக்கு அவள்தான் குரு.

“காரைத் தாங்கற ஸ்டாண்டு எங்கீங்க சார்?”

“அது எதுக்கு? மூணு டன் தூக்கும்னு இதுலயே எழுதியிருக்குது.”

“எத்தன நேரம்னு எழுதியிருக்குதுங்களா?”

சாமியப்பன் குனிந்து தேடினார். எழுதியிருக்கவில்லை.

காரின் முன்பக்கம் ஜாக்கின் மேல் உயர்ந்து நின்றது. தரை சமமான சிமெண்டு. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருந்தார். அதுவரைக்கும் நல்ல மாணவர்தான். கோணியும் விரித்தாயிற்று, இனி அவர் படுக்க வேண்டியதுதான் பாக்கி.

ரெஜினா மயிலாத்தாளிடம் திரும்பினாள். “அம்மா, ஒரு பழைய குண்டாவும் அப்பளமும் குடுங்க.”

“பொரிச்சதா கண்ணு?”

“பொரிச்சது.”

கோணியில், அவருடைய நெஞ்சு வரவேண்டிய இடத்தில், அலுமினியக் குண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். அதன்மேல் அப்பளம். அப்பளத்துக்கும் காருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

“வாங்க, சாப்புடலாம்.”

“ஆயிலை மாத்திட்டுச் சாப்புடலாமே. அரைமணி நேர வேலை.”

“பசிக்குதுங்க சார்.”

வாத்தியாருக்கு எரிச்சல். ஆனால் பசி என்று வந்தவளிடம் வாதாடவா முடியும்? உட்கார்ந்தார். பருப்பு, ரசம், தயிர் என்று அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். இரண்டு தடவை ரசம் வாங்கினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மோர் குடித்தார்.

கை கழுவியதும் முதல் ஆளாக வெளியே போனார்.

அப்பளம் தூளாகியிருந்தது. குண்டாவின் அடி உள்வாங்கியிருந்தது. அதன்மேல் கார் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. ஜாக்கு எண்ணெய் ஒழுகி, மெல்ல மெல்லத் தாழ்ந்திருந்தது.

வாத்தியார் குனிந்து பார்த்தார். பயந்துபோனதை மறைக்கவும் தோன்றவில்லை. தன்னையறியாமல் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“எங்கண்ணன் சும்மா குடுக்கறப்பவே யோசிச்சிருக்கோணும்,” என்றாள் மயிலாத்தாள். அவளுக்கும் பயம்தான். கூடவே சிரிப்பும் வந்தது.

ரெஜினா தன் வண்டியிலிருந்து சொந்த ஜாக்கையும் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளையும் இறக்கினாள். காரை மறுபடி தூக்கினாள். பிறகு பக்கத்துக்கு ஒன்றாய் ஸ்டாண்டு நிறுத்தி, அது இறங்காமல் பூட்டும் ஊசி மாட்டி, காரை மெதுவாக அவற்றின் மேல் இறக்கினாள். பக்கவாட்டில் கைகொடுத்து நன்றாக ஆட்டிப் பார்த்தாள். கார் அசையவில்லை.

வாத்தியாருக்குள் இருந்த கணக்கு மறுபடி தலைதூக்கியது.

“உன் ஜாக்கு ஒழுகுமா?”

“பத்து வருசமா ஒரு சொட்டு ஒழுகுனதில்லீங்க.”

“அப்புறம் இந்த நல்ல ஜாக்குக்கு எதுக்கு அம்மிணி ஸ்டாண்டு?”

ரெஜினா மூலையில் கிடந்த அவருடைய ஜாக்கைப் பார்த்தாள்.

“சாப்பாட்டுக்கு முன்னாடி அதுவும் நல்ல ஜாக்குதானுங்க சார்.”