அருளாளனுக்கு வேறு சொல்

தக்காணத்தில் ஒரு சுல்தான் இருந்தார். புத்தகப் பிரியர். இந்துக்களின் வேத புராணங்களையெல்லாம் பாரசீகத்தில் படித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வேலையை நரஹரி பண்டிதரிடம் ஒப்படைத்தார். பண்டிதருக்குச் சமஸ்கிருதமும் பாரசீகமும் தண்ணீர் பட்ட பாடு.

அந்த வேலை தனக்குத்தான் வரும் என்று காத்திருந்தவர் அரண்மனைத் தலைமை எழுத்தர் இனாயத் பேக். அவருக்குச் சமஸ்கிருதம் தெரியாது. அதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை.

பண்டிதர் திருமாலின் திருநாமங்களை மொழிபெயர்த்து முடித்தார். பேக் அந்தத் தாள்களை வாங்கிப் புரட்டினார். நேரே தர்பாருக்குப் போனார்.

"ஹுசூர், இது மொழிபெயர்ப்பு அல்ல, திருட்டு. அருளாளன், காப்பவன், ஆதியும் அந்தமும் இல்லாதவன் என்று நாம் தொழும் இறைவனின் பெயர்களையெல்லாம் எடுத்துத் தன் சாமிக்குச் சூட்டியிருக்கிறார்."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. சுல்தானின் முகம் மாறியது. குற்றம் உறுதியானால் எழுதிய தாள்கள் நெருப்புக்குப் போகும். எழுதிய கை எங்கே போகும் என்று யோசிக்கப் பண்டிதர் விரும்பவில்லை.

"என்ன சொல்கிறீர், பண்டிதரே?"

"மூலத்தில் இருந்த பொருளுக்குச் சொல் தேடினேன், ஹுசூர். பாரசீகத்தில் கிடைத்தவை இவைதான். வேறு சொல் இருந்தால் பேக் சாகிப் சொல்லட்டும். இப்போதே மாற்றிவிடுகிறேன்."

"நியாயம்தான்" என்ற சுல்தான், பேக்கைப் பார்த்தார். "சொல்லும்."

பண்டிதர் மைக்கூட்டைத் திறந்து நாணல் பேனாவை நனைத்தார். "முதலில் 'அருளாளன்'. அடித்துவிட்டேன். என்ன எழுதட்டும்?"

பேக் தாடியை நீவினார். மனதுக்குள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தார். அத்தனையும் தொழுகையில் வரும் சொல்லாகவே இருந்தது.

"'அருளற்றவன்' என்று எழுதலாமா?" என்று பண்டிதர் பணிவாகக் கேட்டார்.

பேக் துடித்துப்போனார். "உலகத்தைப் படைத்தவனையா அப்படி எழுதுவது? எழுதும் கை அழுகிவிடும்."

பண்டிதர் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கும் அதே பயம்தான், சாகிப். அதனால்தான் 'அருளாளன்' என்று எழுதினேன்."

முதலில் சிரித்தவர் சுல்தான்தான். பண்டிதருக்கு ஒரு சால்வையும், மொழிபெயர்க்க அடுத்த புராணமும் கிடைத்தன.

அடித்த சொல்லைத் திரும்ப எழுதும் வேலை பேக்குக்குப் போனது. அவர் கையெழுத்து மிக அழகு.