ஐந்து காசின் கனம்

வெகு காலத்துக்கு முன்னால், கடலோரத்து அலைமுத்தூரைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் பிடித்தது அவருக்கு மத்தியானம் பிடிக்காது.

அவருடைய துறைமுகத்துக்குக் கப்பலில் குதிரைகள் வரும். குதிரை வியாபாரிகள் தங்க தினாரைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். ராஜா தம்முடைய வெள்ளிப் பணத்தைக் கொடுத்து, கடைத்தெருவில் தினார் வாங்கித்தான் குதிரை வாங்க வேண்டும். தினாரின் விலையோ தினமும் மாறும்.

ஒருநாள் ராஜா கேட்டார்: "நேற்றைவிட இன்றைக்குத் தினார் எவ்வளவு ஏறியிருக்கிறது?"

பொக்கிஷ அதிகாரி விடங்கர் முந்திக்கொண்டார். "எக்கச்சக்கமாக ஏறிவிட்டது, பிரபு!"

"எக்கச்சக்கம் என்றால்? முழமா, சாணா?"

மந்திரி ஆதிரையர் எழுந்தார்.

"மகாராஜா, விலை எடுத்துவைக்கும் மிகச் சின்ன அடி எதுவோ, அதை வைத்துத்தான் அதன் நடையை அளக்க வேண்டும். நம் பணத்தில் நூறில் ஒரு பங்கு செப்புக்காசு. அதற்குக் கீழே கடைத்தெருவில் யாரும் பேரம் பேசுவதில்லை. நேற்று ஒரு தினார் பன்னிரண்டு பணம் இருபத்தெட்டுக் காசு. இன்று பன்னிரண்டு பணம் முப்பது காசு. ஏறியது இரண்டு காசு."

ராஜா பூரித்துப்போய்த் தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார். விடங்கருக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷமாகப் பொக்கிஷச் சாவியைச் சுமக்கிறவருக்கு ஒரு துண்டுகூடக் கிடைத்ததில்லை! வீட்டுக்குப் போய் இலையில் உட்கார்ந்தார், சோறு இறங்கவில்லை. "பட்டுக்குச் சரிகை எத்தனை விரல் இருக்கும்?" என்று மனைவியைக் கேட்டார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுவாரம் குதிரைக் கப்பல் வந்தது. பத்தாயிரம் தினார் வேண்டும்.

"இன்றே வாங்கிவிடுவோம், மகாராஜா," என்றார் மந்திரி. "இன்னும் மூன்று கப்பல் வருகிறதாம். எல்லோரும் தினார் தேடுவார்கள்; விலை ஏறும்."

அது சரியென்று விடங்கருக்கே தெரியும். அதனால்தான் இன்னும் எரிந்தது.

"எவ்வளவு ஏறுமாம்? இரண்டு காசு, மூன்று காசு! அதற்குப் பயந்து ராஜா கடைத்தெருவுக்கு ஓடுவதா? நாளைக்கு வாங்கலாம், பிரபு. ஏறினால் அந்த ஏற்றத்தை நானே கொடுக்கிறேன்!"

ராஜாவுக்கு அன்றைக்கு அந்த வீறாப்பு பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்," என்றார்.

மறுநாள் தினார் ஐந்து காசு ஏறியிருந்தது. விடங்கர் கலகலவென்று சிரித்தபடி மடியிலிருந்து ஐந்து செப்புக்காசை எடுத்துச் சபை நடுவே போட்டார்.

"இதோ உங்கள் ஏற்றம், மந்திரியாரே! இந்த ஐந்து காசு ஓர் ஆளைத் தள்ளாட வைக்குமா? வைத்துக்காட்டுங்கள். முடியாவிட்டால் பட்டையும் பதவியையும் கழற்றி வையுங்கள்!"

"நல்ல பந்தயம்!" என்று ராஜா தொடையைத் தட்டினார்.

மந்திரி காவலர்களிடம் ஏதோ சொன்னார். பொக்கிஷத்திலிருந்து பத்து மூட்டைகள் வந்து இறங்கின.

"விடங்கரே, ஐந்து காசு ஏறியது ஒரு தினாருக்கு. நாம் வாங்கப்போவது எத்தனை?"

"பத்தாயிரம்..." விடங்கரின் குரல் இறங்கியது.

"ஐந்தைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் ஐம்பதாயிரம் காசு. மூட்டைக்கு ஐயாயிரம். கொஞ்சம் தோளைக் கொடுங்கள்."

முதல் மூட்டைக்கு விடங்கர் நிமிர்ந்து நின்றார். மூன்றாவதற்குத் தள்ளாடினார். நாலாவது மூட்டையோடு பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். சபை குலுங்கிச் சிரித்தது.

"ஐந்நூறு பணம்! உம் ஒரு வருஷச் சம்பளத்தைவிடக் கூடுதல்," என்றார் ராஜா. "கொடுக்கிறேன் என்றீரே, கொடும்! மந்திரியாரே, வருகிற குதிரைகளில் உமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும்."

"குதிரை இருக்கட்டும், மகாராஜா. நாளைக்கு வாங்கலாம் என்றது அவர். அப்படியே ஆகட்டும் என்றது யார்?"

ராஜாவின் முகம் சிவந்தது. பிறகு மெல்ல இறங்கிவந்து, "பாதி என்னுடையது," என்று ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினார். இரண்டடி வைப்பதற்குள் கிரீடம் நழுவி மூக்கில் விழுந்தது.

சிரிக்க யாருக்கும் தைரியமில்லை. தரையில் கிடந்த விடங்கர்தான் முதலில் சிரித்தார். மந்திரி கையை நீட்டினார். விடங்கர் அதைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார், பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.