வெளியே வராத விருந்தாளிகள்

கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் இருந்தது. அதை நடத்தியவர் மெகர்நிசா. அவரிடம் தொழில் பழக வந்தவர் சுருளிவேல். கல்லூரியில் இருபது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்து, கரும்பலகை அலுத்துப்போய் வந்தவர். குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு நாற்பத்தேழு. அதனால் குரு சீடரை "அண்ணே" என்பார். சீடர் குருவை "மேடம்" என்பார். இருவருக்கும் இதில் ஒரு குறையும் இல்லை.

சுருளிவேல் ஐந்து மாதம் மெனக்கெட்டு ஒரு கரும்பொடி செய்திருந்தார். பார்த்தால் அடுப்புக்கரி மாதிரிதான் இருக்கும். ஆனால் அத்தனையும் குழாய், கண்ணுக்கே தெரியாத கரிக்குழாய். ஒரு தேக்கரண்டிப் பொடியை எடுத்து, குழாய்களை முனைக்கு முனை முடிந்துகொண்டே போனால் நிலாவைத் தொட்டுவிடலாம். மிச்சத்தில் அங்கே துணி காயப்போட ஒரு கொடியும் கட்டலாம். சந்தேகமிருப்பவர்கள் முடிந்து பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தப் பொடியை ஒரு சிரிஞ்சுக்குள் அடைத்து, ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீரை அதன் வழியே சொட்டுச் சொட்டாக விடுவார். தோட்டத்தில் அடித்த பூச்சி மருந்தோ பூஞ்சை மருந்தோ தண்ணீரில் இருந்தால் பொடியில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கொஞ்சம் மெத்தனால் ஊற்றிப் பொடியைக் கழுவி, அந்தக் கழுவலை இயந்திரத்துக்குக் கொடுப்பார். மருந்து இருந்தால் திரையில் கோடு எழும்பும். இல்லையென்றால் படுத்தே கிடக்கும்.

கை பழகுவதற்காக ஏழு கிணறு பார்த்தார். ஏழிலும் கோடு எழும்பவில்லை. ஏழு சிரிஞ்சுகளுக்கும் பெயர் ஒட்டி மேசை இழுப்பறையில் வரிசையாக வைத்துக்கொண்டார், பள்ளிக்கூடப் பையன் பதக்கம் வைத்திருப்பது போல. ஏழாவது அவர் வீட்டுக் கிணறு. அன்றைக்கே கேன் தண்ணீரை நிறுத்தி, "இனிமே நம்ம கிணறுதான், தங்கம்!" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

எட்டாவது நாவல்குளம் ஊர்க் கிணறு. அது விளையாட்டில்லை. அறிக்கை வந்ததும் அந்தத் தண்ணீரைப் புதுத் தொட்டியில் ஏற்றி, சாயங்காலம் குழாயைத் திறந்து ஊருக்கே குடிக்கக் கொடுப்பதாக ஏற்பாடு. பஞ்சாயத்துத் தலைவி செல்லக்கிளி அறிக்கையைக் கையோடு வாங்கிப் போகக் காலையிலேயே வந்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அறிக்கையில் சுருளிவேல் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு அதுதான் முதல் கையெழுத்து.

கோடு படுத்தே கிடந்தது. சுருளிவேல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தாயி, உங்க தண்ணி தங்கம்!"

"தங்கம்னா எழுதிக் குடுங்க வாத்தியாரே, கழுத்துல போட்டுக்கறேன்."

சுருளிவேல் பேனாவைத் திறந்துகொண்டு மெகர்நிசாவிடம் போனார்.

"மேடம், கையெழுத்துப் போட்டுடவா?"

"உங்க பொடி எப்படிண்ணே?"

"சொல்லவே வேண்டாம். ஒட்டினா உடும்பு மாதிரி."

மெகர்நிசா எழுந்தார். ஒரு லிட்டர் சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீர் எடுத்தார். திராட்சைக்கு அடிக்கிற பூஞ்சை மருந்தில் துளியூண்டு அளந்து, சுருளிவேல் கண் முன்னாலேயே அதில் கலந்தார்.

"இதையும் பாத்துடுங்க."

"இதுலதான் மருந்து இருக்கே மேடம்?"

"இருக்கு. பாருங்க."

சுருளிவேல் புதுச் சிரிஞ்சு எடுத்தார். தண்ணீர் இறங்கியது. மெத்தனாலால் கழுவினார். கழுவலை இயந்திரத்துக்குக் கொடுத்தார்.

கோடு எழும்பவில்லை.

"மிஷின் கெட்டுப்போச்சு மேடம்."

"மிஷினையே கேட்டுப் பாருங்க."

மருந்தை நேராகவே இயந்திரத்துக்குக் கொடுத்தார். கோடு பனைமரம் போல எழுந்து நின்றது. இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை.

"அப்ப மருந்து பொடியில ஒட்டாம கீழ இறங்கியிருக்கணும்."

"கீழ இறங்கின தண்ணியையும் பாருங்க."

பார்த்தார். அதிலும் இல்லை. சுருளிவேல் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

"என்ன வாத்தியாரே, தண்ணி இன்னும் வேகலையா?" என்று வெளியிலிருந்து செல்லக்கிளி கேட்டார்.

"மேடம், நீங்க போட்டதை நான் பாத்தேன். இறங்கின தண்ணியில இல்ல. கழுவினதுல இல்ல. பின்ன எங்கதான் போச்சு?"

மெகர்நிசா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உத்தமபாளையத்துல எங்க அத்தாவுக்கு ஒரு பெரியத்தா, அதான் பெரியப்பா, இருந்தாரு. விருந்துன்னா உசிரு. வந்தவங்களை அப்படியே ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்குவாரு. பிடிச்சா விடமாட்டாரு. கட்டிப் பிடிச்ச வாக்குலயே பிரியாணி ஊட்டி, பிடிச்ச வாக்குலயே தூங்க வைப்பாரு. ஒரு ரம்ஜானுக்கு வந்தவரு அடுத்த ரம்ஜான் வரைக்கும் அந்தப் பிடியிலயே இருந்தாருன்னு சொல்வாங்க."

"அடேயப்பா!"

"எதிர்வீட்டுக்காரர் ஒருத்தர், சந்தேகப் பிராணி. வருஷம் பூரா அந்த வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. யாரு வெளிய வர்றாங்கன்னு எண்ணினாரு. ஒருத்தரும் வரல. அவரு ஊருக்குள்ள போய் என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னாரு?"

"'பாவம், அந்த வீட்டுக்கு விருந்தாளியே கிடையாது'ன்னாரு."

சுருளிவேல் கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தார். உள்ளே கரும்பொடி சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதை விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"சரி மேடம். உள்ள மாட்டினவங்க கடைசியில எப்படித்தான் வெளிய வந்தாங்க?"

"பால்காரர் வந்தாரு, தபால்காரர் வந்தாரு. பெரியத்தா சட்டை பண்ணல. ஒரு நாள் அந்த விருந்தாளியோட சாயல்லயே அவரு தம்பி வந்து நின்னாரு. பெரியத்தாவுக்கு ஆசை தாங்கல. இவரைக் கட்டிப் பிடிக்கணும்னா அவரை விடணும்ல? கை விலகுச்சு. அண்ணங்காரர் செருப்பைக்கூட மாட்டாம ஓடியே போயிட்டாரு."

சுருளிவேல் எழுந்தார். அலமாரியில் வரிசையாக நின்ற புட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். அந்தப் பூஞ்சை மருந்தின் மூலக்கூறு வளையம் போலத் தட்டையானது, குழாயின் சுவரோடு அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மெத்தனாலுக்கு வளையம் கிடையாது. அது பால்காரர். கை டொலுயீன் என்ற கரைப்பானின் புட்டியில் போய் நின்றது. அதுவும் வளையம்.

"தம்பி..." என்று முணுமுணுத்தார்.

மருந்து கலந்த தண்ணீரை வாங்கிய சிரிஞ்சில் டொலுயீன் ஊற்றிக் கழுவினார். கோடு எழுந்தது. போட்ட மருந்தில் முக்காலே மூணு வீசம் வெளியே வந்திருந்தது.

அதன் பிறகு நாவல்குளம் சிரிஞ்சை எடுத்தார். அதையும் டொலுயீன் ஊற்றிக் கழுவினார்.

கோடு எழுந்தது. குடிக்கலாம் என்ற அளவைத் தாண்டியும் எழுந்தது.

வேப்பமரத்தடிக்கு அவரே போனார்.

"தாயி, தொட்டியில ஏத்தாதீங்க. தண்ணியில தோட்டத்து மருந்து இருக்கு."

செல்லக்கிளி எழுந்து நின்றார். "காலையில தங்கம்னு சொன்ன வாய்தானே இது?"

"ஆமா தாயி. இதே வாய்தான்."

செல்லக்கிளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து, "டேய், மோட்டாரைப் போடாதீங்கடா. லாரித் தண்ணிக்குச் சொல்லிவிடுங்க" என்று பேசிக்கொண்டே ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.

சுருளிவேல் உள்ளே வந்து அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் கையெழுத்து. மெகர்நிசா அதை வாங்கிப் படித்துக் கோப்பில் வைத்தார்.

"மேடம், அந்தப் பெரியத்தா கதை நிஜமா?"

"அண்ணே, உங்க இழுப்பறையில எத்தனை சிரிஞ்சு இருக்கு?"

சுருளிவேல் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. மெல்ல இழுப்பறையைத் திறந்தார். ஏழும் வரிசையாகக் கிடந்தன. கடைசிச் சிரிஞ்சில் அவர் கையெழுத்திலேயே 'எங்கள் வீடு' என்று ஒட்டியிருந்தது.

டொலுயீன் புட்டியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

"ஏழு வீடு இருக்கு மேடம். முதல்ல எந்தக் கதவைத் தட்டட்டும்?"

"எதைத் தொடாம உங்க கை தாண்டிப் போகுதோ, அதைண்ணே."