பன்னிரண்டு வேலை செய்யும் கரண்டி

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை மகுடமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டு வந்தான் என்று நாம் மரியாதைக்குச் சொல்கிறோம். புதுச் சாமான் எது கண்ணில் பட்டதோ, அன்றைக்கு அதுதான் அவனை ஆளும்.

அவன் சபையில் வல்லபராயர் என்றொரு பிரபு. 'பரிந்துரைச் செம்மல்' என்று பட்டம் வேறு. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சாமானைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "அரசே, இது இல்லாமல் இத்தனை நாள் எப்படி உயிரோடு இருந்தீர்கள்?" என்பார். ஒரு வெள்ளிக்கிழமை, நிலா பார்ப்பதற்காக நடுவில் ஓட்டை வைத்த குடையைப் பரிந்துரைத்தார். ராஜா மழையில் அதைப் பிடித்துக்கொண்டு போய்ச் சளி பிடித்து வந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை மூக்குத் துடைக்க ஒரு சரிகைத் துண்டைப் பரிந்துரைத்தார். அதற்கும் ஒரு முத்துமாலை பரிசு!

அரண்மனைச் சமையற்கட்டை நடத்தி வந்தவள் மாடத்தி. நாற்பது அடுப்புக்கும் தலைவி. ஒரு நாள் அவள் வைத்த பூசணிக்காய்க் கூட்டை வழித்துத் தின்ற ராஜா, "என் நாட்டில் உருப்படியான ஆள் இவள் ஒருத்திதான்" என்று சபையில் சொல்லிவிட்டான். ராயருக்கு வயிறு எரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கொண்டுவந்தது ஒரு கரண்டி. "அரசே, ஒன்றே ஒன்று, பன்னிரண்டு வேலை! தேங்காய் துருவும், காய் நறுக்கும், கீரை கடையும், குழம்பு கிண்டும், ஈ கூட ஓட்டும். இது இருக்க அந்த மாடத்தியின் தட்டுமுட்டுச் சாமான் எதற்கு?"

ராஜா குதித்தான். "பழையதையெல்லாம் கொல்லன் உலைக்கு அனுப்புங்கள்! நாளை அண்டை நாட்டு ராஜாவுக்கு விருந்து. இந்தக் கரண்டியால்தான் அத்தனையும் ஆக வேண்டும். ஒரு நாழிகை தாமதமானாலும் மாடத்தி நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்!"

மாடத்தி கரண்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிடிக்கிற இடத்தில் வெட்டுவாய் இருந்தது. வெட்டுகிற இடத்தில் மாணிக்கக் கல் பதித்திருந்தது. நுனியில் ஈ ஓட்ட ஒரு குதிரைவால் மயிர்க்கொத்து தொங்கியது. 'இதைச் செய்தவன் அடுப்பைக் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டான், பரிந்துரைத்தவன் அந்தக் கனவையும் கண்டிருக்க மாட்டான்' என்று மனதுக்குள் சிரித்தாள். ஆனால் முடியாது என்றால் திமிர் என்பார்கள். சரி என்றால் நாளைக்கு விரலும் போகும், ஊரும் போகும். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"மகாராசா, இம்புட்டு ஒசந்த சாமான நாங்க மொதல்ல தொடலாமா? ஆக்குனவங்கதான் மொத வாய் திங்கணும்னு உங்க பாட்டனார் போட்ட சட்டம் இருக்குல்ல?"

"ஆமாம், விஷம் வைக்காதிருப்பதற்காக."

"வாய்க்குப் போறதுக்கு மொத வாய்னா, கைக்கு வர்றதுக்கு மொத கை வேணாமா? ராயர் ஐயா இன்னைக்கு மதியச் சாப்பாட்ட இதுல ஆக்கிக் காட்டட்டும். அந்தக் கைப்பக்குவத்தப் பாத்துக்கிட்டு நாளைக்கு நாங்க செய்றோம்."

"பலே!" என்று ராஜா தொடையைத் தட்டினான்.

ராயருக்கு வேர்த்தது. "அரசே, நான் பரிந்துரைப்பவன். துருவுகிறவன் அல்லன்."

"பாட்டனார் சட்டம், ஓய்! அடுப்படிக்கு நடவும்!"

ராஜா இலை போட்டு உட்கார்ந்தான். ராயர் துருவிய தேங்காய் உருண்டு போய்ச் சேனாதிபதியின் காலில் மோதியது. நறுக்கிய பூசணிக்காய் அப்படியே இருந்தது, ராயரின் விரல்தான் நறுக்குப்பட்டது. கிண்டிய குழம்பில் குதிரைவால் மயிர் மிதந்தது. வெயில் உச்சி தாண்டியபோது ராஜாவின் இலைக்கு, ஒரு வழியாகப் பெயர்ந்த ஒரே ஒரு பூசணித் துண்டு வந்தது. அதில் மாணிக்கக் கல் ஒட்டிக்கொண்டிருந்தது.

ராஜாவின் வயிறு சபைக்கே கேட்கும்படி உறுமியது.

"மகாராசா, உலைக்குப் போற வண்டி இன்னும் வாசல்லதான் நிக்குது. சாமான எறக்கட்டுமா?" என்றாள் மாடத்தி.

"இறக்கு, சீக்கிரம் இறக்கு!"

ஒரு நாழிகையில் சோறும் கூட்டும் வந்தன. மூன்றாவது முறை சோறு வாங்கிய பிறகுதான் ராஜாவுக்குப் புத்தி வந்தது. "ஓய் ராயரே, அந்த ஓட்டைக் குடையை நீர் ஒரு நாளாவது பிடித்ததுண்டா?"

"இல்லை அரசே... மழை பெய்தால் நான் வெளியே போவதில்லை."

ராஜா வாளை உருவப் போனான். மாடத்தி தடுத்தாள். "வேணாம் மகாராசா. என் அருவாமணையப் பாருங்க, கால் அழுத்துற எடத்துல பலகை பள்ளமாயிருக்கு. ஐயாவும் தெனம் பொழங்கிப் பள்ளம் விழுந்த சாமான் ஒண்ணே ஒண்ணு கொண்டாரட்டும். கொண்டாந்தா பட்டம் அவருக்கே இருக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்று ராஜா வாக்குக் கொடுத்தான். ராயர் வீட்டில் ஏழு அறையையும் புரட்டினார்கள். எல்லாம் பளபள என்று புதுசாகவே இருந்தன. சாயங்காலம் பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றோடு ராயர் சபைக்குத் தலைகுனிந்து வந்தார். துணியை விலக்கினால், தலையணை! நடுவில் அவர் தலையளவுக்குப் பள்ளம்.

சபை சிரித்த சிரிப்பில் தூணில் இருந்த புறாக்கள் பறந்து போயின.

"சொன்ன சொல் மாறமாட்டேன்" என்றான் ராஜா. "பட்டம் உமக்கே. ஆனால் இனி நீர் எதைப் பரிந்துரைத்தாலும், மாடத்தியின் அடுப்படியில் உட்கார்ந்து அவள் சொல்லும் வேலையெல்லாம் செய்து, உம் கையால் பழகிப் பார்த்த பிறகே சபைக்குக் கொண்டுவர வேண்டும். மாடத்தி, உனக்கு இந்த முத்துமாலை!"

"முத்துமாலையப் போட்டுக்கிட்டு அடுப்பூத முடியுமா மகாராசா? காஞ்ச வெறகு ரெண்டு வண்டி குடுங்க, நாளைக்கு விருந்து இருக்கு. ராசாவுக்கு நான் பரிந்துரைக்கிறதும் ஒண்ணு உண்டு, ஓட்டையில்லாத குடை."

ராஜா அசடு வழிந்தான். விறகு வந்தது, விருந்தும் சிறந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ராயர் சபைக்கு வந்தார். பட்டுத்துணி இல்லை. அடுப்படி வேலையில் வெட்டுப்பட்ட பத்து விரலையும் விரித்துக் காட்டி, "அரசே, காயத்துக்கு மஞ்சள் தடவிக் கட்டப் பழைய வேட்டித் துணிதான் நல்லது" என்றார். அதைப் பத்து விரலிலும் கட்டிப் பார்த்துத்தான் சொன்னார். செங்கழனி நாட்டில் அவர் பரிந்துரைத்ததிலே யாருக்காவது உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.