எலுமிச்சம்பழத்துக்கு முன்னால்

"பிரேக் ஆயில் கசியுதுங்கய்யா. பின்சக்கரத்து உள்பக்கம் பூரா ஈரம்," என்றான் கார் டிரைவர் மாசிலாமணி.

அரிசி ஆலை முதலாளி கோதண்டபாணி சீறினார். "சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாச்சு, ஒண்ணும் ஆகாது. கொல்லிமலைக்கு வண்டிய எடுடா!"

மாசிலாமணி ஒரு பழத்தை எடுத்துப் பத்தடி தள்ளி வைத்தான். "நீங்களே ஓட்டுங்கய்யா. இது நசுங்காம நிறுத்திட்டா உடனே கிளம்பிடலாம்."

முதலாளி மெதுவாக நகர்த்தி பிரேக்கை மிதித்தார். மிதி அடிவரை இறங்கியது. பழம் நசுங்கிய பிறகு, கைபிரேக்கில்தான் வண்டி நின்றது.

"இங்க போனது வெறும் பழந்தாங்க. மலை வளைவுல, பின்சீட்டுல நம்ம பாப்பா இருக்குமே."

முதலாளி வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். வண்டிச் சாவியை மாசிலாமணியிடம் நீட்டினார்.

சாயங்காலம் புது வீல் சிலிண்டர் மாட்டி, பிரேக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றிக்கொண்டே காருக்கு அடியிலிருந்து மாசிலாமணி அதட்டினான்: "மிதிங்க! நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க!"

டிரைவர் சீட்டில் மகளை மடியில் வைத்தபடி பிரேக்கை மிதித்த முதலாளி சொன்னார்: "சரிப்பா."