இரண்டாவது படிக்கட்டு

மாநகராட்சியிலிருந்து ஃபைல் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது.

தாண்டவமூர்த்தி அதை அம்மாவின் முன்னால் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார்.

அம்மா மடத்தின் தலைவர். பெயர் ஞானாம்பிகை, வயது நாற்பத்து மூன்று. மடத்துப் பள்ளியின் செயலாளரான தாண்டவமூர்த்திக்கு அறுபத்தொன்பது. மகள் வயதுள்ளவரைக் குருவாக ஏற்றுக்கொள்வது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். என்றாலும் மனசுக்குள் அவருக்கு ஒரே குருதான். பள்ளியைக் கட்டிய, மடத்தின் பழைய தலைவர் பெரியசாமி.

அந்தப் பள்ளியின் மாடிக் கூரைதான் இப்போது பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. போன மாதம் ஒரு பாளம் விழுந்து பத்தாம் வகுப்பு பெஞ்சு ஒன்று இரண்டாக உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெஞ்சோடு போயிற்று. ஆவணி பிறப்பதற்குள் கூரையைப் பிரித்துப் போடாவிட்டால் மாடியில் படிக்கும் எண்பத்திரண்டு பிள்ளைகளையும் வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்று கல்வி அலுவலகம் கடிதம் அனுப்பிவிட்டது. கூரையில் கை வைக்க மாநகராட்சியின் அனுமதி வேண்டும். மாடிக்கு இரண்டு படிக்கட்டு இருந்தால்தான் அது கிடைக்கும்.

"இந்தத் தடவை என்ன எழுதியிருக்காங்க ஐயா?" என்று கேட்டார் அம்மா.

"அதேதான். இரண்டாவது படிக்கட்டு பயன்பாட்டில் இல்லையாம்."

"நாம என்ன எழுதிக் குடுத்தோம்?"

"இரண்டாவது படிக்கட்டு உள்ளதுன்னு. போன தடவையும் அதான் எழுதினேன். பொய்யா அம்மா? இருக்கா இல்லையா?"

"இருக்கு."

இருந்தது. கட்டடத்தின் கிழக்கு ஓரத்தில், நாலு பேர் சேர்ந்து இறங்கலாம் போல அகலமாக இருந்தது. பெரியசாமி அதன் படிகளுக்கு அடியில்தான் தன் மரப் பாதுகைகளைக் கழற்றி விடுவார். கட்டைச் சத்தம் பாடத்தைக் கெடுக்கும் என்று வெறுங்காலோடு மாடி ஏறுவார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அப்படிக் கழற்றி விட்டு ஏறியவர், வகுப்பில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

பாதுகைகளை அவர் விட்ட இடத்திலிருந்து எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. அவற்றுக்கு மேலே பிள்ளைகள் திடுதிடுவென்று ஓடுவதைத் தாண்டவமூர்த்தியால் பொறுக்க முடியவில்லை. கீழே ஒரு இரும்புக் கதவு போட்டார். மேலே இருந்த கதவைப் பூட்டினார். இரண்டு சாவிகளும் அன்றிலிருந்து அவர் இடுப்பில்தான் இருக்கின்றன. தினமும் காலையில் அவரே திறந்து, விளக்கேற்றி, பூ வைத்து, மறுபடி பூட்டுவார். பிள்ளைகள் மேற்குப் பக்கத்துக் குறுகல் படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார் தாண்டவமூர்த்தி. "மாநகராட்சி விதி பெரிசா, குருபக்தி பெரிசா?"

அம்மா ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த நிலோஃபர்ங்கறது யாரு?"

"உதவிப் பொறியாளர். சின்னப் பொண்ணுதான். மரியாதையாத்தான் பேசுது. உக்காருங்க சார்னு நாற்காலி போடுது. அப்புறம் திருப்பி அனுப்பிடுது."

"வியாழக்கிழமை பத்து மணிக்கு வர முடியுமான்னு கேளுங்க."

"வந்தா பேசிச் சரிபண்ணிடுவீங்களா?"

"அன்னைக்கு நீங்க பத்தாம் வகுப்புல போய் உக்காருங்க. கடைசி பெஞ்சு."

"நானா? எதுக்கும்மா?"

"பெரிய மணி அடிச்சா இறங்கி வாங்க."

குரு சொன்னால் செய்ய வேண்டியதுதான். வியாழக்கிழமை அவர் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி, பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவருக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், கிழக்குப் படிக்கட்டின் பூட்டிய மேல் கதவு இருந்தது.

பத்தே காலுக்கு மணி அடித்தது. விடாமல் அடித்தது. அப்படி அடித்தால் நெருப்பு என்று அர்த்தம், எல்லோரும் மைதானத்துக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பு மேற்குப் படிக்கட்டுக்குப் பக்கம். அது இறங்கிவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து, தாண்டவமூர்த்தியைப் பார்த்து, ஒதுங்கி வழி விட்டார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. நம் பள்ளிப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டே முன்னால் நடந்தார். பூட்டிய கதவும் இடுப்புச் சாவியும் அவர் நினைவுக்கு வரவே இல்லை.

மேற்குப் படிக்கட்டில் அவருக்கு ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால் வைக்க வேண்டியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் சத்தமே இல்லாததால், பிள்ளைகள் எப்படியோ போய்விட்டார்கள் என்று எண்ணினார்.

கீழே தரையில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தார்.

படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள். அதற்கு மேலே வராந்தாவிலும் பிள்ளைகள். ஒரு வகுப்பே வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு, அவர் பின்னால் நின்றது.

"ஏன் நிக்கிறீங்க?" அவர் கத்தினார். "நெருப்பு மணி அடிக்குதுல்ல? ஓட வேண்டியதுதானே!"

முதல் படியில் நின்ற பெண் குழம்பிப்போனாள்.

"நீங்க முன்னால இறங்கிட்டிருந்தீங்க ஐயா."

"அதுக்கு?"

"பெரியவங்களைத் தாண்டிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு நீங்கதானே ஐயா பிரேயர்ல சொல்லுவீங்க?"

தாண்டவமூர்த்தி சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். அவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து மைதானத்துக்குப் போனார்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை அவர் அங்கேயே நின்றார்.

மணி நின்றது. மாநகராட்சியிலிருந்து வந்திருந்த நிலோஃபர் அவர் பக்கத்தில் வந்து, கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள்.

"எல்லாரும் இறங்க ஆறு நிமிஷம் சார்," என்றாள் மெதுவாக. பிறகு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாதுகை அங்கேயே இருக்கட்டும் சார். அதை எடுக்கச் சொல்லி நான் எழுதவே இல்ல. பூட்டுதான் சார் கூடாது," என்றாள்.

அவர் கிழக்குப் பக்கம் நடந்தார். இரும்புக் கதவுக்கு உள்ளே, படிக்கட்டின் அடியில், காலையில் அவர் வைத்த பூ வாடாமல் இருந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டருகே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது.

அம்மா வந்து பக்கத்தில் நின்றார்.

"பிள்ளைங்க கால் அவருக்கு மேல படுமே அம்மா," என்றார் தாண்டவமூர்த்தி. அழுதுவிடுவார் போலிருந்தது.

"பத்தாம் வகுப்பே உங்க பின்னால மரியாதையா நின்னுச்சே ஐயா. பார்த்தப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"பயமா இருந்துச்சு அம்மா. என்னாலதானே இத்தனை பிள்ளைங்களும் மாட்டிக்கிச்சுன்னு."

அம்மா பாதுகைகளைப் பார்த்தார்.

"அவருக்கும் முப்பத்தொரு வருஷமா அப்படித்தான் ஐயா இருக்கும்."