ஓடைக் கல்லில் ஒரு புதுக்கோடு

மலையடிவாரக் காட்டில் ஓடைக்கரை மருதமரத்தடியில் ஞாயிறுதோறும் விலங்குகளின் சபை கூடும். பாட்டு உண்டு. ஜெபம் உண்டு. எல்லாம் முடிந்ததும் கிழங்கும் பழமும் உண்டு. பாட்டுக்கும் ஜெபத்துக்கும் தாமதமாக வருபவர்கள்கூட கிழங்குக்குச் சரியான நேரத்தில் வந்துவிடுவார்கள்.

சபையில் பாதிப் பேர் அக்கரைக்காரர்கள். ஓடையில் இறங்கித்தான் வர வேண்டும், இறங்கித்தான் திரும்ப வேண்டும். துறையின் ஓரத்தில் ஒரு கரும்பாறை நின்றது. அதன் நடுவில் ஆழமாக ஒரு கோடு. ஆண்டவரே போட்ட கோடு என்பது சபையின் விசுவாசம். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் கடக்கலாம். கோட்டைத் தொட்டுவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. யானைக்கும் அதே சட்டம், எலிக்கும் அதே சட்டம்.

கூட்டம் முடிந்ததும் வேதமாணிக்கம் என்ற ஆமை நீந்திப் போய்ப் பாறையைப் பார்க்கும். திரும்பி வந்து "போகலாம்!" என்று சொல்லும். இல்லாவிட்டால் "நில்லுங்க!" என்று சொல்லும். அதன் ஊழியமே அந்த ஒரு சொல்தான். அதற்குப் பேச்சுத் திறமை கிடையாது. யாரும் அதைக் கைதட்டி வரவேற்றதும் கிடையாது.

அப்போதுதான் நரி அருமைநாயகம் பட்டணத்திலிருந்து திரும்பி வந்தது. அங்கே ஓர் இறையியல் கல்லூரியின் சமையலறைக்குப் பின்னால் மூன்று மாதம் தங்கி, எலும்பு கடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பாடம் கேட்டதாம். எலும்பு முழுதாகக் கிடைத்தது. பாடம் பாதிதான் காதில் விழுந்தது. ஒரு காட்டுக்கு அது போதாதா?

முதல் ஞாயிறே நரி பிரசங்கத்துக்கு எழுந்தது.

"சகோதர சகோதரிகளே! சரி என்பது என்ன? தப்பு என்பது என்ன? எல்லாம் அவரவர் பார்வை! உங்க உண்மை உங்களுக்கு, என் உண்மை எனக்கு! ஆண்டவர் அன்பானவர். அன்பானவர் யாரையாவது 'செய்யாதே'ன்னு சொல்லுவாரா?"

சபை வாயைப் பிளந்தது. இப்படி ஒரு சுகமான உபதேசத்தை அது கேட்டதே இல்லை.

கமிட்டித் தலைவரான காட்டுப்பன்றி பாக்கியநாதன் மெதுவாக எழுந்தது. "ஐயா, ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரன் கிழங்கைத் தோண்டித் தின்னா பாவமா?"

"உங்க மனசைக் கேளுங்க, தலைவரே! தோண்டும்போது என்ன தோணுது?"

பன்றி கண்ணை மூடி யோசித்தது. "கிழங்குதான் தோணுது."

"அப்புறம் என்ன? சமாதானமாப் போங்க!"

பன்றி கண்ணீர் விட்டது. பல வருடப் பாரம் ஒரு நிமிடத்தில் இறங்கியது. கிழங்கு திரும்பிப் போகவில்லை, பாரம் மட்டும் போனது. இப்படி ஒரு வசதி யாருக்குக் கசக்கும்?

ஆமை மட்டும் கழுத்தை நீட்டிக் கேட்டது. "எல்லாருக்கும் பொதுவான உண்மையே கிடையாதுன்னு சொல்லுதீரே. இந்தச் சொல்லு மட்டும் எல்லாருக்கும் பொதுவா, வே?"

நரி நெஞ்சில் கை வைத்தது. "இந்தக் கேள்வியில எவ்வளவு கடுமை பாத்தீங்களா! எனக்கு மனசு வலிக்குது."

சபைக்கும் உடனே மனசு வலித்தது. ஆமைக்கு அன்பு போதாது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு. மலையுச்சியில் கருமேகம் கவிந்திருந்தது. துறையில் ஒரு தூறல்கூட இல்லை. கூட்டம் முடிந்தது. ஆமை பாறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"நில்லுங்க! தண்ணி கோட்டைத் தொட்டுட்டு. இன்னைக்கு யாரும் இறங்கக் கூடாது!"

"ஐயோ!" என்று ஓர் அலறல் கேட்டது. முயல் ஜெபமணி முன்னால் ஓடி வந்தது. "அண்ணாச்சி, எம்பிள்ளைக மூணும் அக்கரைப் புதருக்குள்ள கிடக்கு! அங்க பாருங்க, பருந்து சுத்துது! நான் எப்படி இங்க நிக்க?"

அக்கரைக்கு மேலே ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டுதான் இருந்தது. முயல் கரையோரம் இங்கும் அங்கும் ஓடியது. பார்த்தவர்கள் எல்லாருக்கும் பாவமாக இருந்தது. ஆமைக்கும்தான்.

"தாயி, உன் பாடு எனக்குத் தெரியாமலா?" என்றது ஆமை. "ஆனா தண்ணி கோட்டைத் தொட்டா, மேல மலைக்குள்ள மடு நிறைஞ்சிட்டுன்னு அர்த்தம். எந்த நேரமும் உடைச்சிக்கிட்டு வரும். பொறு. வந்த வேகத்துல வடிஞ்சிரும். பொழுது சாயறதுக்குள்ள போயிரலாம்."

நரி குதித்து முன்னால் வந்தது. "கேட்டீங்களா, சபையாரே! ஒரு தாய் அழுதாள். இவர் கல்லைக் காட்டுதார்! ஆண்டவருக்குத் தாயன்பு பெருசா, கல்லு பெருசா?"

"தாயன்பு!" என்று சபை முழங்கியது.

"யானைக்குப் பாதம் நனையற அளவு தண்ணி. முயலுக்குக் கழுத்தளவு. ரெண்டு பேருக்கும் ஒரே கோடுன்னா அது என்ன நியாயம்?"

"ஆழத்தைப் பத்தின கோடு இல்ல, வே!" என்று ஆமை கத்தியது. "வரப்போற வெள்ளத்தைப் பத்தின கோடு! மடு உடைஞ்சா யானையையும் உருட்டிரும்!"

"அது உங்க பார்வை" என்றது நரி, மிகுந்த அன்போடு.

கமிட்டி கூடியது. பன்றி தலைமை தாங்கியது. ஆண்டவர் போட்ட கோடு சரியா, தப்பா என்று ஓட்டு எடுத்தார்கள். ஆண்டவருக்கு ஓட்டு கிடையாது, அவர் உறுப்பினர் சந்தா கட்டவில்லை. பழைய கோட்டுக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. அது ஆமையின் ஓட்டு. மற்றதெல்லாம் அன்புக்கு.

தீர்மானம் நிறைவேறியதும் குரங்கு செம்மண்ணைக் குழைத்துக்கொண்டு பாறைக்குத் தாவியது. பழைய கோட்டுக்கு இரண்டு முழம் மேலே புதுக்கோடு இழுத்தது. கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ஆனால் பார்க்க அழகாக இருந்தது. தண்ணீர் இப்போது கோட்டுக்கு வெகு கீழே! சபை கைதட்டிப் பாடியது. ஒரு சொட்டுத் தண்ணீர் குறையாமலே ஓடை பத்திரமாகிவிட்டது.

ஆமை முயலின் பாதையில் குறுக்கே போய்ப் படுத்தது. "தாயி, வேண்டாம். நான் கெஞ்சிக் கேக்கேன்."

முயல் ஆமையைப் பார்த்தது. பருந்தைப் பார்த்தது. பிறகு நரியைப் பார்த்தது.

"உங்க மனசு என்ன சொல்லுது, அக்கா?" என்று நரி இனிமையாகக் கேட்டது.

"போகச் சொல்லுது."

"அப்ப அதுதான் ஆண்டவர் சத்தம்! போங்க! நான் அந்த மேட்டுல ஏறி நின்னு உங்களை ஆசீர்வதிக்கேன்!"

முயல் ஆமையைத் தாண்டிக் குதித்தது. தண்ணீரில் இறங்கியது. வழிகாட்ட வந்த பன்றியும் தலைவர் என்ற முறையில் முழங்கால் வரைக்கும் இறங்கி நின்றது.

முயல் பாதி ஓடையைத் தாண்டியிருக்கும். மலைக்குள்ளிருந்து ஓர் உறுமல் கேட்டது. பறவைகள் மரங்களை விட்டுச் சிதறின. வளைவில் கலங்கல் தண்ணீர், மரக்கட்டைகளையும் கற்களையும் உருட்டிக்கொண்டு ஆளுயரத்துக்கு எழும்பி வந்தது. அது பழைய கோட்டைப் பார்க்கவில்லை. புதுக்கோட்டையும் பார்க்கவில்லை. கமிட்டித் தீர்மானம் அதன் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

பன்றி விழுந்து புரண்டு கரையேறியது. முயலைக் காணவில்லை. ஒரு நொடி கழித்து, சுழலின் நடுவே இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன.

"அண்ணாச்சி!" என்று முயல் கத்தியது. வாய்க்குள் தண்ணீர் புகுந்தது.

பன்றி மேட்டைப் பார்த்து அலறியது. "நரியாரே! உமக்கு நீந்தத் தெரியும்லா! இறங்கி அவளைப் பிடியும், வே!"

நரி மேட்டில் இன்னும் இரண்டு அடி பின்னால் போனது.

"எப்படி இறங்க? தண்ணி பழைய கோட்டைத் தொட்டுட்டுல்லா!"

மருதமரத்தடியில் எல்லாரும் நரியைத் திரும்பிப் பார்த்தார்கள். தான் என்ன சொன்னோம் என்பது நரிக்கே பிறகுதான் உறைத்தது.

ஆமை அதற்குள் தண்ணீரில் இருந்தது. அதற்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளத்தான் அதற்கு ஆசை. ஆனால் கழுத்தை நீட்டியபடியே நீந்தியது. முயலின் அடியில் புகுந்து முதுகில் ஏந்திக்கொண்டது. தண்ணீரில் தொங்கிய மருதமர வேர் ஒன்றை வாயால் கவ்வியது. ஒரு கட்டை வந்து மோதியது. ஓட்டில் விரிசல் விழுந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. குரங்கும் பன்றியும் வேரைப் பிடித்து இழுத்து இருவரையும் கரை சேர்த்தார்கள்.

முயல் தண்ணீரைக் கக்கியது. நெடுநேரம் இருமியது. ஓட்டில் ஓடிய விரிசலைப் பார்த்ததும் அழுதது.

"நான்தான் உம்ம பேச்சைக் கேக்கலையே அண்ணாச்சி. எதுக்கு வந்தீரு?"

"கோடு போட்டதே நீ சாகக் கூடாதுன்னுதான், தாயி" என்றது ஆமை. "இல்லைன்னா ஆண்டவருக்குப் பாறையைக் கீறி என்ன ஆகணும்?"

 முயல் ஆமையின் விரிசல் விழுந்த ஓட்டை முன்னங்காலால் தடவிக்கொடுத்தது.

வெள்ளம் வந்த வேகத்திலேயே வடிந்தது. வெயில் சாயுமுன் பழைய கோடு ஈரமாக வெளியே தெரிந்தது. செம்மண் கோட்டைத் தேடினார்கள். அது எந்த ஊர்க் கடலுக்குப் போய்க்கொண்டிருந்ததோ தெரியாது.

நரியையும் காணவில்லை. பக்கத்துக் காட்டில் ஊழியத்துக்கு அழைப்பு வந்ததாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தது. அங்கே ஓடை இல்லையாம், பள்ளத்தாக்குதான் இருக்கிறதாம். ஓரத்தில் வேலி போட்டு வைத்திருக்கிறார்களாம். அந்த வேலியை நினைத்துத்தான் நரிக்கு மனசு வலித்ததாம்.

"போகலாம்!" என்றது ஆமை. 

முயல் ஓடையைக் கடந்து புதரை நோக்கிப் பாய்ந்தது. வானத்தில் பருந்து இல்லை. புதரும் அசையவில்லை.  முயல் முள்ளை விலக்கிப் பார்த்தது. மூன்று குட்டிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காதுகளை மடக்கி, கல்லாகக் கிடந்தன.

"எஞ்செல்வங்களே! பருந்து வரலையா?"

"தலைக்கு மேல வந்துச்சும்மா" என்றது மூத்தது. "நிழல் எங்க மேலயே விழுந்துச்சு. நாங்க அசையலை. பாத்துட்டுப் போயிருச்சு."

கடைக்குட்டி தலையை நீட்டியது. "எனக்கு ஓடிரலாம்னுதான் தோணிச்சும்மா. ரொம்பத் தோணிச்சு. ஆனா நீங்க அசையாதேன்னு சொன்னீங்கல்லா? நீங்க சொன்னா எங்க நல்லதுக்குத்தானே சொல்லுவீங்க?"

 வெகுநேரம் அந்தக் குட்டியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முயலால் முடியவில்லை.

ஆண்டவர் போட்ட எல்லை நம் மனசுக்குத் தக்கபடி இடம் மாறாது. அதை நமக்காக மாற்றித் தருகிறேன் என்று வருகிறவர், நாம் மூழ்கும்போது நம்மோடு தண்ணீரில் இறங்கவும் மாட்டார்.